வாட்டம்

எங்கள் வீட்டு போர்ட்டிகோ தரை வாசற்படிப் பக்கமாக இறங்க ஆரம்பித்து மூன்று மழைக்காலம் ஆகிறது. போன ஐப்பசியில் தண்ணீர் படியேறி ஹாலுக்கே வந்துவிட்டது. நண்பர் ஒரு கான்ட்ராக்டரின் எண்ணைக் கொடுத்தார். அவர் பைக்கை விட்டு இறங்காமலே 120 சதுர அடியைப் பார்த்துவிட்டு, பொருளோடு சேர்த்து 32,000 ரூபாய் என்றார். சரி என்றேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். ஒரு கொத்தனார், கையாளாக ஒரு பையன், ஐம்பது வயதைத் தொடும் சித்தாள் அம்மா.

கொத்தனார் கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். கேட்டருகே கெட்டியாக இருந்த சத்தம், படியருகே வெறும் பானையைத் தட்டியதுபோல் மாறியது. உடைத்துப் பார்த்தால் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவின் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதன்மேல், வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டையும் சிமென்ட் சாக்கையும் போட்டு மூடியிருக்கிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடியில் உடைந்து, மிச்ச மண்ணையும் அரித்துவிட்டது.

அரையடி அரையடியாக கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டார்கள். கலவைக் கணக்கும் சொன்னார்கள், மனதில் நிற்கவில்லை. நின்றது டியூப்தான்.

விரல் தடிமனில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைக் கொத்தனார் கேட்டுத் தூணிலும், மறுமுனையை அந்த அம்மா படிச் சுவரிலும் பிடித்தார்கள். தண்ணீர் நிற்கும் உயரம் இரு பக்கமும் ஒன்றுதான். அந்த அம்மா குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றினார். "காத்து இருந்தா பொய் சொல்லும் சார்." தண்ணீர் ஆடி அடங்கும்வரை மூச்சுவிடாமல் நின்று, கரித்துண்டால் கோடு போட்டார்.

"ரெண்டு கோடும் ஒரே மட்டம். தரையும் இப்படிச் சமமா வந்துடும் இல்ல?" என்றேன்.

சிரித்தார். "சமமா போட்டா தண்ணி எங்க சார் போவும்? வாட்டம் வேணும்ல." பத்தடிக்கு ஓர் அங்குலம் கேட்டுப் பக்கம் தாழ வேண்டுமாம். கொத்தனார் திரும்பிப் பார்ப்பதற்குள் நூலைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்.

டீ குடிக்கும்போது அந்த அம்மாவிடம் கேட்டேன். விழுப்புரம் பக்கத்து ஊர். மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது கணவரோடு வேலைக்கு வந்தவர். 24 வருடம் ஆகிறது. அந்த அம்மாவோடு கையாளாக இருந்த பையன்கள் நான்கு பேர் இன்று கொத்தனார்கள். "நீங்க ஏன் ஆகலை?" "பொம்பளை கையில யாரு சார் கரண்டி குடுப்பா?"

கூலி: கொத்தனாருக்கு 1,200, பையனுக்கு 900, அவருக்கு 700. நான்கு நாளைக்கு மூவருக்கும் 11,200. பொருளுக்கு 10,000 போனாலும் மிச்சம் கிட்டத்தட்ட 11,000. மூன்று பேர் முதுகு ஒடிந்ததற்கும் ஒருவர் இரண்டு முறை பைக்கில் வந்துபோனதற்கும் ஒரே விலை! தமிழ்நாட்டில் 1994-இலேயே கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் வந்துவிட்டது. 1996-இன் மத்தியச் சட்டங்கள் அவர்கள் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் வசூலிக்கச் சொன்னன. ஆனால் 10 லட்சத்துக்குள் முடியும் சொந்த வீட்டு வேலைக்கு அதே சட்டங்கள் விலக்கும் கொடுத்தன. என் போர்ட்டிகோவால் அந்த நலநிதிக்கு ஒரு பைசா கிடையாது. காசுக்கும் ஒரு வாட்டம் கட்டி வைத்திருக்கிறோம். கட்டியவர்களில் பேரம் பேசாமல் 32,000-க்குத் தலையாட்டி, கூலியை மூன்றாம் நாள்தான் விசாரித்த நானும் ஒருவன்.

கடைசி நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். ஏழு நாள் காயவிடக் கூடாது என்றார் அந்த அம்மா. அடுத்த வேலைக்கு நேராகவே கூப்பிடலாமென்று அவரிடம் போன் நம்பர் கேட்டேன்.

"என்கிட்ட ஏது சார் போனு? கான்ட்ராக்டர்கிட்ட சொல்லுங்க, அனுப்புவாரு."