இருங்காட்டுக்கோட்டைக்கு காரோடு போறீங்களா? பாலிசியை ஒருமுறை படிச்சுடுங்க!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பே வந்துவிடும் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் அதே ஊர். 1990-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக் இங்கேதான். 3.7 கி.மீ நீளம், 12 வளைவுகள்.

'டிராக் டே' அன்று கட்டணம் கட்டினால் சொந்த காரிலேயே பறக்கலாம். எதிரே வண்டி வராது, ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. ரோட்டைவிட இதுதானே சேஃப் என்று தோன்றும். அதே நினைப்பில், 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்ற படிவத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவோம்.

கார் பாலிசியில் 'எதற்கெல்லாம் பயன்படுத்தக் கூடாது' என்றொரு பகுதி உண்டு. வாடகைக்கு விடுவதோடு சேர்த்து, பந்தயம், வேகச் சோதனை எல்லாம் அதில் இருக்கும். 'பம்பர் டு பம்பர்' எடுத்தவருக்கும் இதே கதைதான். "நான் ரேஸா ஓட்டினேன், சும்மா ரெண்டு ரவுண்டுதானே?" என்றால், வேகச் சோதனை என்ற வார்த்தையைக் காட்டுவார்கள். கிளெய்ம் போனாலும் இ.எம்.ஐ நிற்காது.

அடுத்தவர் காரில் மோதினால் இன்னும் சிக்கல். சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, பொது இடங்களுக்கானது. டிராக் தனியார் இடம்.

அதனால் புக் செய்வதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரேஸர்கள் காரை டிரெய்லரில் ஏற்றி வருவார்கள். நமக்கு திங்கள்கிழமை ஆபீஸ் போகவும் அதே கார்தான்.