அக்காவின் சைக்கிள்

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது, அரசாங்கம் இன்னொருத்திக்குக் கொடுத்த சைக்கிளில். கீழ்பென்னாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிளஸ் ஒன் சேர்ந்தபோது பள்ளியில் வாங்கி வந்தது அது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமானது. அக்கா அந்த வருடத்துக்காரி. எங்கள் வீட்டில் அப்போது சைக்கிள் கிடையாது.

காலையில் அக்கா அதில் பள்ளிக்குப் போவாள். சாயங்காலம் அவள் வந்து இறங்கியதும் அது தெருவுடையதாகிவிடும். பால் சொசைட்டிக்கு அவள் அம்மா, எனக்கு அத்தை, எடுத்துப்போவார். ஓட்டத் தெரியாத என் அம்மா, ரேஷன் அரிசியைக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவாள். இருட்டும் வரை மிச்ச நேரம் எனக்கு. போய் நின்றால் அத்தை திண்ணையிலிருந்தே சொல்வார்: "சாவி ஆணியில இருக்குது, எடுத்துக்கினு போ. வரும்போது காத்து பாத்துக்கினு வா." யார் ஓட்டும்போது பஞ்சரானதோ அவர்கள்தான் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. ஓர் இரவு சைக்கிள் திரும்பவில்லை. கடைசியாக எடுத்தது யார், எந்தப் பக்கம் போனார் என்று நாலு வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

பொதுப் பொருளை யாரும் பேண மாட்டார்கள் என்று சொல்பவர்களோடு இன்றுவரை என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 1965இல் ஆம்ஸ்டர்டாம் இளைஞர்கள் வெள்ளையடித்த சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று. பூட்டாத சைக்கிள் சட்டவிரோதம் என்று போலீஸ் அள்ளிப்போனது. 1995இல் கோபன்ஹேகன் நகரம் ஒரு நாணயத்தைப் போட்டால் சைக்கிள் தந்தது. திருப்பி நிறுத்தினால் நாணயம் திரும்பக் கிடைக்கும். ஆனால் போட்டவர் யாரென்று நாணயத்துக்குத் தெரியாது. 2017இல் மைசூரு 450 சைக்கிள்களோடு 'ட்ரின் ட்ரின்' தொடங்கியபோது பெயர் பதிந்து அட்டை கொடுத்தார்கள். சென்னையில் செல்போன் செயலி வந்தது. அட்டையும் செயலியும் சொல்வது எங்கள் தெரு வாயால் சொன்னதைத்தான்: எடுத்தவர் இன்னார்.

எங்கள் ஊருக்கும் இப்படிப் பொதுச் சைக்கிள் வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2021 முதல் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறோம். ஆனால் திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் இறங்கியபின் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு நடைதான். கையில் பை, இடுப்பில் குழந்தை, சித்திரை வெயில். பஸ் நிலையத்தில் இருபது சைக்கிள் நின்றால் போதும். செயலி வேண்டாம். அந்தக் கால வாடகை சைக்கிள் கடையில் இருந்ததுபோல ஒரு நோட்டு, பெயர், ஊர், நேரம். ஸ்மார்ட்போன் இல்லாதவளும் எடுத்துப்போகலாம். மகளிர் குழுப் பெண் ஒருத்தி பம்பும் பஞ்சர் சாமானும் வைத்துக்கொண்டு அங்கே உட்கார வேண்டும். அவளுக்கு மாதச் சம்பளம் பேரூராட்சியிலிருந்து வரவேண்டும். சைக்கிள் வாங்க மட்டும் பணம் ஒதுக்கி, அவளுக்கு ஒதுக்காமல் விட்டால், அடுத்த மழைக்குள் இருபதும் துருப்பிடித்துச் சுவரோரம் சாய்ந்துவிடும்.