தாம்பாளத்தில் ஒரு விமானம்

கோடை விடுமுறைக்குப் பழனி மலைமீது ஏறுகிறவர்கள் பலவிதம். கோக்கர்ஸ் வாக்கில் நடந்து நடந்தே ஓய்கிறவர்கள் சிலர்; ஏரியில் படகு விட்டுப் பொழுதைக் கழிப்பவர்கள் சிலர்; கம்பளியைப் போர்த்துக்கொண்டு, சமவெளியில் காயும் வெயிலைப் பற்றிப் பேசியே ஆனந்தம் அடைகிறவர்கள் பலர். அடியேன் இந்த மூன்று ஜாதியிலும் சேர்ந்தவன் அல்லன். கோடைக்கானலுக்குப் புறப்படும்போது என் பெட்டியில், வேஷ்டிகளுக்கு நடுவே, ஒரு போர் விமானம் இருக்கும்.

நேயர்கள் அஞ்ச வேண்டாம். அதன் நீளம் சுமார் ஐந்தே அங்குலம். இந்தப் பொம்மை விமானங்களை 72-இல் ஒரு பங்கு என்னும் அளவில் செய்வது உலக வழக்கம். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு அது. இறக்கை, வால், சக்கரம் எல்லாம் காம்பில் முருங்கையிலை தொங்குவது போல் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, படத்தைப் பார்த்துப் பொருத்தி, வர்ணம் தீட்ட வேண்டும். சென்ற விடுமுறையில் நான் கொண்டு சென்றது 'நேட்' என்னும் சிறு சண்டை விமானம். அந்தப் பெயருக்குக் கொசு போன்ற ஒரு சிறு பூச்சி என்று பொருள்.

பிரயாணத்தில் இவ்வேலை செய்வதற்குச் சில உபாயங்கள் உண்டு. விளிம்புள்ள தாம்பாளம் ஒன்று அவசியம்; கடுகளவு உறுப்பு கைதவறினாலும் ஓடி ஒளியாது. பசை தொட ஈர்க்குச்சியைவிடச் சிறந்த கருவி இல்லை. வர்ணப் புட்டியை மலைமேல் முதன்முறை திறக்கும்போது துணியால் மூடித் திறப்பது நலம். கோடைக்கானல் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறைந்துவிடுகிறது. கீழே அடைபட்ட காற்று மேலே வெளியேறத் துடிக்கும். வர்ணத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும்! பௌதிக பாடத்தில் பிள்ளைகளுக்கு விளங்காத விஷயம், மலைப்பாதையின் வளைவுகளில் உப்பிக்கொண்டே வரும் வறுவல் பொட்டலத்தைக் காட்டினால் நொடியில் விளங்கிவிடும்.

இன்னொரு சங்கடம் மூடுபனி. இந்தப் பசை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும் தன்மையது. அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. ஆகையால் சன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். திறந்தாலோ, அழையாத விருந்தாளியாக மூடுபனி உள்ளே நுழைந்துவிடும். நீரில் கரைத்த வர்ணம் அந்த ஈரக்காற்றில் எளிதில் காயாது. காயாததன்மேல் மறுபூச்சுப் பூசினால் முதற்பூச்சும் கெடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விடுமுறை என்பது காத்திருக்கக் கற்றுக்கொள்வதற்குத்தானே!

இப்படிக் காத்திருந்த ஒரு மாலையில் என் மைத்துனன் கேட்டான்: "அத்தான், வெள்ளைக்காரன் வார்த்துக் கொடுத்த துண்டுகளை நீங்கள் ஒட்டுகிறீர்கள். இதில் நம்முடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?"

கேள்வி நியாயமானது, சுதேசி உணர்ச்சியுள்ள எவனும் கேட்கத் தக்கது. ஆனால் அவன் கேட்டது என் தாம்பாளத்தைப் பற்றி மட்டும் அன்று. நம் தேசத்தின் விமானத் தொழில் பிறந்த கதையையும் பற்றியதே.

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே முதலில் உருவான ஹார்லோ பயிற்சி விமானம், அமெரிக்காவிலிருந்து வந்த உறுப்புக்களை 1941-இல் நம்மவர் பொருத்தியெடுத்ததே. பத்து ஆண்டுகள் கழிந்தன. 1951-இல், டாக்டர் காட்கே வகுத்த திட்டப்படி இந்நாட்டிலேயே உருவான எச். டி.-2 விமானம் வானில் எழும்பியது.

என் தாம்பாளத்தில் கிடந்த நேட்டின் சரித்திரமும் இதுவே. முதலில் சில விமானங்கள் இங்கிலாந்திலேயே முழுதாகப் பூட்டப்பட்டு வந்தன. பிறகு அரைகுறையாக முடிந்தவை வந்தன. பிறகு உறுப்புக்கள் மட்டும் வந்தன. கடைசியில் பெங்களூர்த் தொழிலாளர்களே விமானத்தை உற்பத்தி செய்தார்கள். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி, ஸ்ரீநகரைக் காக்க நிர்மல்ஜித் சிங் செகோன் ஏறிப் போரிட்டு உயிர் நீத்தது ஒரு நேட் விமானத்தில்தான். விமானப் படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. பின்னர், இறக்கைக்குள்ளேயே எரிபொருள் நிரப்பும்படி நம்மவர் நேட்டைத் திருத்தி அமைத்தனர். 'அஜீத்' என்னும் அவ்விமானம் 1975-இல் பறந்தது. பிறர் வார்த்த துண்டைப் பொருத்தியவன், அதில் குறை கண்டு திருத்தும் நிலைக்கு உயர்ந்துவிட்டான்!

பெங்களூர் வரை போவானேன்? கோடைக்கானல் மலையின் மேலேயே சாட்சி இருக்கிறது. 1899-இல் ஏற்பட்ட அந்தச் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குக் கருவிகள் சீமையிலிருந்து வந்தன. எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி அங்கேதான் 1909-இல், சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். 1960-இல் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற வைணு பாப்பு, அந்நியக் கருவிகளை இயக்குவதோடு திருப்தி அடையவில்லை. ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெருந் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கினார். 1982-இல் அவர் காலமானார். 1986 முதல் அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கிறோம். அந்த எழுத்து குழந்தையினுடையதா என்று யாரும் கேட்பதில்லை. பிடித்த கையை விட்ட பிறகும் விரல் நகர்கிறதா என்பதே கேள்வி. 2001-இல் முதன்முதல் பறந்த நம் தேஜஸ் விமானத்துக்கு எஞ்சின் இன்னும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. ஆகவே பாடம் முடிந்துவிடவில்லை. அதைப் படித்து முடிக்க வேண்டியவர்கள் இன்று நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய விரல்களுக்கோ, விடைத்தாள் எழுதுவதைத் தவிர வேறு வேலை நாம் வைத்ததில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் பிள்ளைக்கு ஒரு திருகாணியை முடுக்கத் தெரியாததை வகுப்பில் நாள்தோறும் காண்கிறேன்.

என் மைத்துனனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் பதில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, நேட்டின் மூக்குச் சக்கரத்தை அவன் மகள் பொருத்திக்கொண்டிருந்தாள். அவன் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கோடையில் மலையேறும் நேயர்களே, கம்பளியோடு ஒரு தாம்பாளத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் பொருத்தட்டும், கோணலாய்ப் போனால் போகட்டும். ஆனால், எந்தத் துண்டை எப்படி மாற்றினால் இன்னும் நன்றாயிருக்கும் என்று அவர்களைக் கேட்க மட்டும் மறவாதீர்கள்.