முப்பத்தொன்றின் மூன்று முகங்கள்

கணிதம் பயிலும் மாணவியிடம் ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டால் இப்படித்தான் ஆகும்; ஆசிரியர் குழுவினர் பொறுத்தருள்க! எனக்குப் பிடித்த எண் 31. அது ஒரு பகா எண். 1, 31 தவிர வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. தமிழ்ப்பள்ளியில் 'பகா எண்' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது 'நொம்போர் பெர்டானா' ஆனது. இங்கே 'பிரைம்'.

பெயரைப் போலவே எழுதும் முறையும் மாறும். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். மூன்று பத்தும் ஓர் ஒன்றும் சேர்ந்தால் 31. கணினியோ இரண்டின் அடுக்குகளில் எண்ணும். 16, 8, 4, 2, 1 ஆகியவற்றில் ஒவ்வொன்று எடுத்தால் 31 வந்துவிடும். ஆகவே இரண்டு அடிமானத்தில் அதை 11111 என எழுத வேண்டும். ஐந்து அடிமானத்தில் 25, 5, 1. அங்கே அது 111. இரண்டு இடத்திலும் வெறும் ஒன்றுகள்!

மூன்றாண்டுகளாக நான் என்ன படிக்கிறேன் என்று அம்மாவுக்கு என்னால் சொல்ல முடிந்ததில்லை. "கணக்கு" என்பேன். "கடைக் கணக்கா?" என்பார். அம்மா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்பவர். ஐந்து முறுக்கு ஒரு பொட்டலம், ஐந்து பொட்டலம் ஒரு பை. போன விடுமுறையில் 31 முறுக்கை எடுத்து அடுக்கச் சொன்னேன். ஒரு பை, ஒரு பொட்டலம், உதிரியாக ஒன்று. "இதுதாம்மா 111" என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பையில போட்டா என்ன, கொட்டி வச்சா என்ன? நாலு பேருக்கோ ஆறு பேருக்கோ சரியா பங்கு வராதே!"

பகாத் தன்மை எழுதும் முறையைச் சார்ந்ததன்று என்பதை என் விரிவுரைக் குறிப்புகள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களில் இன்னொரு நயமும் உண்டு. 111111 என்பதை எந்த அடிமானத்தில் எழுதினாலும் 11 பெருக்கல் 10101 எனப் பிரித்துவிடலாம். ஆறு, இரண்டு மும்மூன்றாகப் பிரிவதே காரணம். ஆகவே அத்தகைய எண் பகா எண்ணாக இருக்க, ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். இதைத் திருப்பிச் சொல்ல முடியாது: இரண்டு அடிமானத்தில் பதினோரு ஒன்றுகள் 2047, அது 23 பெருக்கல் 89.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒன்றுகளாக இரு வேறு அடிமானங்களில் எழுதத்தக்க எண்கள் எத்தனை? (இரண்டே ஒன்றுகள் போதுமென்றால் விளையாட்டே இல்லை, 30 அடிமானத்தில் 31கூட 11தான்.) இதுவரை தெரிந்தவை இரண்டே: 31, 8191. பகா எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே இரண்டும் பகா எண்கள். வேறெதுவும் இல்லை என்னும் ஊகம், இதைப்பற்றி 1917இல் எழுதிய பெல்ஜியக் கணிதவியலாளர் ரெனே கூர்மாக்டிக்கின் பெயரால் வழங்குகிறது. இன்றுவரை எவரும் அதை முழுமையாக நிறுவவில்லை. என் இறுதியாண்டு ஆய்வேடு இதன் ஓரத்தைத்தான் தொட்டுப் பார்க்கிறது.

8191, இரண்டு அடிமானத்தில் பதின்மூன்று ஒன்றுகள். 90 அடிமானத்தில் 111. தொலைபேசியில் இதையும் அம்மாவிடம் சொன்னேன்.

"தொண்ணூறு முறுக்கு ஒரு பொட்டலமா? யாரடி வாங்குவா?"