கால் டன் வங்கக்கடல்

வட சென்னையில் காசு கொடுக்காமல் கிடைக்கிற சமாசாரங்கள் இரண்டு. ஒன்று அறிவுரை, இன்னொன்று கடல். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் எங்கே நின்று கிழக்கே நடந்தாலும் கடைசியில் அலைச் சத்தம் கேட்கும் (நடுவில் கன்டெய்னர் லாரி வழிவிட்டால்). இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, காசு கொடுத்து வீட்டுக்குள் ஒரு கடல் வாங்க ஆசைப்பட்டான் என் மச்சினன்.

ராயபுரத்துக்காரன். ஷிப்பிங் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். போனஸ் வந்த வாரம், "மாமா, ஹால்ல ரீஃப் டேங்க் வெக்கப்போறேன். நீங்க பி.காம். ஆச்சே, ஒரு எஸ்டிமேட் போட்டுக் குடுங்க" என்றான். பி.காம். படித்தவனுக்கு உறவுக்காரர்கள் மத்தியில் இருக்கிற ஒரே மரியாதை இதுதான். காதுகுத்தோ கடலோ, எஸ்டிமேட் நாம்தான் போட வேண்டும்.

ரீஃப் டேங்க் என்றால் தங்கமீன் நீந்துகிற கண்ணாடித் தொட்டி இல்லை சார். உப்புத் தண்ணீர், அதில் பாறை, பாறையில் பவளம், நடுவே ஆரஞ்சுச் சட்டையில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அதாவது மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை வெட்டி ஹாலில் வைப்பது.

மச்சினன் கையில் ஒரு லிஸ்ட் இருந்தது. முதல் வரி லைட், இரண்டாவது பவளம், மூன்றாவது மீன். கல்யாண லிஸ்டில் முதல் வரியாக தாம்பூலப் பை எழுதுகிற குடும்பம் அது, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. லிஸ்டைத் தலைகீழாகத் திருப்பினேன். கணக்குப் பாடத்தில் அதற்கு ஒரு காரணம் உண்டு. எதை வாங்க எவ்வளவு ஆகும் என்பது ஒரு செலவு. வாங்கியதை உயிரோடு வைத்திருக்க மாதா மாதம் எவ்வளவு ஆகும் என்பது வேறு செலவு. ஆளைக் கவிழ்ப்பது எப்போதும் இரண்டாவதுதான்.

முதலில் எடை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குத் தொட்டி என்றால் சுமார் 190 லிட்டர் தண்ணீர். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் கால் டன். பழைய வீட்டு மாடியில் இதை வைப்பதற்கு முன்னால் வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கீழ் வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை.

அடுத்தது தண்ணீர். "இதுக்கு இன்னா மாமா, காசிமேட்டுல நாலு கேன் புடிச்சினு வந்தா போச்சு" என்றான். அங்கேதான் சிக்கல். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரை ஒதுங்கி, அதைப் பக்கெட்டில் அள்ளியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து படகும் வலையும் கறுத்துப் போனது. அந்த வலையைக் கழுவிக்கொண்டு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், கடல் அவர்களை விடாது. ஆனால் தொட்டிப் பவளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. தண்ணீரில் துளி செம்பு கலந்தாலே போய்விடுகிற ஜாதி அது.

ஆக, கடல் தண்ணீரை நாமே தயாரிக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், மீன் தொட்டிக்கென்றே விற்கிற உப்பைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த உப்பு வேண்டும். 190 லிட்டருக்கு ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு முடிந்ததா? வாரம் பத்து சதவிகிதம் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு வாட்டர் கேன் அளவு. வீட்டு ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியே தள்ளும். வாரா வாரம் அறுபது லிட்டர். அதைப் பிடித்து வைத்து பாத்ரூம் கழுவலாம் என்று எஸ்டிமேட்டில் வரவுப் பக்கம் எழுதினேன்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. தினம் பத்து கோடி லிட்டர் தயாரிக்கவென்று கட்டிய நிலையம். கோடி கோடியாகக் கொட்டிக் கடலிலிருந்து உப்பை எடுத்து, குழாய் வழியாக நம் தெருவுக்கு அனுப்புகிறார்கள். மச்சினன் அதைப் பிடித்து, மறுபடி வடிகட்டி, கடையில் உப்பு வாங்கிப் போட்டுத் திரும்பவும் கடலாக்கப் போகிறான். இதைக் கேட்ட எதிர்வீட்டுப் பெரியவர் (காசிமேட்டில் நாற்பது வருஷம் படகு ஓட்டியவர்) பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்துல அவ்ளோ பெரிய கடல வச்சிக்கினு ஊட்ல இன்னாத்துக்குபா இன்னொண்ணு?" பதில் சொல்ல ஆளில்லை.

இப்போது வில்லன் வருகிறான். வெயில். பவளம் சௌகரியமாக இருப்பது 25-லிருந்து 27 டிகிரிக்குள். பவளத்தின் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் சமைத்து, வாடகை மாதிரி பவளத்துக்குச் சாப்பாடு போடுகிறது. சூடு ஏறினால் வீட்டுக்காரரே குடித்தனக்காரரை வெளியேற்றிவிடுகிறார். நிறம் போய்ப் பவளம் வெளுத்துவிடும். வெளுப்பு நீடித்தால் பட்டினிச் சாவு. மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 என்று பல தடவை இப்படிப் பெரிதாக வெளுத்திருக்கிறது. நடுக்கடலுக்கே அந்தக் கதி என்றால், மே மாதம் ராயபுரம் ஹாலில் 190 லிட்டர் என்ன ஆகும்?

எனவே லிஸ்டில் முதல் வரி சில்லர். தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின். மேலே ஃபேன் வைத்து ஆவியாக்கியும் குளிரவைக்கலாம்தான். ஆனால் நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் அது பாதி வேலைதான் செய்யும். தண்ணீரும் குறையும், உப்பு மட்டும் உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் தொட்டி ஊறுகாய் ஜாடி.

சில்லர் 150 வாட் என்று வையுங்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108. 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று வந்தபோது சந்தோஷப்பட்டோமே, அந்த நூறையும் மீனே தின்றுவிட்டு எட்டு யூனிட் கடன் சொல்லும். அத்திப்பட்டில் இருக்கிற வட சென்னை அனல் மின் நிலையம் கடல் தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. அது அனுப்புகிற கரன்ட்டில் நாம் கடல் தண்ணீரைக் குளிரவைக்கிறோம். எல்லோருக்கும் சூடு, பில் மட்டும் மச்சினனுக்கு.

கரன்ட் போனால்? பம்ப் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், சூடு ஏறும். ஒரு மதியம் போதும், மொத்தத் தொட்டியும் காலி. ஆகவே இரண்டாவது வரி, பம்ப்பை ஓட்ட இன்வெர்ட்டர், இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். மூன்றாவது வரி இ.எல்.சி.பி. உப்புத் தண்ணீரும் கரன்ட்டும் சம்பந்தி வீட்டார் மாதிரி, ஒரே அறையில் இருந்தால் நடுவில் ஒரு ஆள் தேவை. எந்த ஒயரும் சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஒரு முறை தொங்கி மேலே ஏறட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

நாலாவது வரி, புரோட்டீன் ஸ்கிம்மர். பெயர்தான் பெரிசு. கடற்கரையில் அலை அடிக்கும்போது நுரை ஒதுங்குகிறதே, அந்த வேலையை ஒரு குழாய்க்குள் செய்கிறது. பொடிப்பொடிக் குமிழியில் அழுக்கு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். அதைக் கழுவுகிற பொறுப்பு யாருடையது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஐந்தாவது, அலை கிளப்ப ஒரு பம்ப். ஆறாவதுதான் லைட். பவளப் பாசிக்கு நீல வெளிச்சம் முக்கியம், கடலுக்குள் சிவப்பு முதலில் மறைந்து நீலம்தான் ஆழம்வரை இறங்குகிறது. டைமர் வைத்து எட்டு, பத்து மணி நேரம் எரிந்தால் போதும்.

"பவளம் எந்த வரி மாமா?" என்றான் மச்சினன்.

அந்த வரியை நான் எழுதவில்லை. பாறை கட்டும் கல் பவளங்கள், கறும்பவளம், கடல் விசிறி எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரையும் அதில்தான். பிடிபட்டால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை போகலாம். "புலிக்குட்டி வாங்கி ஹால்ல கட்டுவியா?" என்றேன். "அது கல்லு மாதிரிதானே இருக்கு" என்றான். கல் மாதிரி இருப்பதுதான் அதன் கஷ்டகாலம். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல காலம் அதைக் கல்லாகவே வெட்டி எடுத்தார்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும். கைப்பிடி அளவுக்கு வளரவே பல வருஷம் ஆகும்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், "மீனாவது வெக்கலாமா?" என்றான். வைக்கலாம். கோமாளி மீனை மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்திலேயே தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்று கடைக்காரரைக் கேட்டு, தொட்டியில் பிறந்ததையே வாங்கலாம். அதுவும் உடனே கூடாது. வெறும் பாறையும் உப்புத் தண்ணீரும் நாலிலிருந்து ஆறு வாரம் ஓட வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று மாற்றுகிற பாக்டீரியா பாறையில் குடியேறுகிற வரைக்கும் மீனுக்கு அந்த வீடு ஆகாது.

எஸ்டிமேட்டின் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு மச்சினன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியிருந்தான். சரியான ஆரம்பம்.

உங்களில் யாருக்காவது போனஸ் வந்து, இதே ஆசையும் வந்தால், நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, ஹாலில் வைத்து, மே மாதம் மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள். முப்பதைத் தாண்டினால், சில்லருக்கும் இன்வெர்ட்டருக்கும் காசு இருக்கிறதா என்று யோசியுங்கள். இருந்தால் சந்தோஷம். இல்லையா, கொளத்தூர் போய் நாலு ஜோடி கப்பி வாங்குங்கள். நம்ம வெயில் அதற்குப் பழக்கம், கரன்ட் போனாலும் கோபித்துக்கொள்ளாது. கடல் பார்க்கத் தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கே நடக்கலாம்.