முக்கா டன் மாங்கா எங்கே போச்சு?

மாங்கா சீசன் வந்தாலே எனக்கு அந்த ராத்திரி ஷிப்ட்தான் ஞாபகம் வரும்.

பாலக்கோடு பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை (பேர் வேணாமே!). ஈஆர்பி சாப்ட்வேர் போட என்னை அனுப்பியிருந்தாங்க. அதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். பம்புக்கு நாலு போல்ட்டுன்னா நாலுதான். அதே மாதிரி இங்கயும் ஒரு டன் பெங்களூரா மாங்காய்க்கு இத்தனை கிலோ கூழ்னு அடிச்சுவிட்டுட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

மூணாவது வாரம் வந்துச்சு வினை. கேட்ல எடை போட்டது பத்து டன். கொட்டை நீக்கற மெஷினுக்குப் போனது ஒன்பதே கால். மிச்சம் எங்கே? ஸ்க்ரீன்ல சிவப்பா காட்டுது. பழுக்க வைக்கிற ஷெட் சூப்பர்வைசர் மேல சந்தேகம். பல வருஷமா அங்கயே கிடக்கற மனுஷன். "கணக்கு சொல்லு, இல்லைன்னா கிளம்பு"ன்னுட்டாங்க.

ராத்திரி ஒரு அழுக்கு நோட்டோட என்கிட்ட வந்தார்.

"தம்பி, காய் பழமாகறப்ப தண்ணி வத்தும். அழுகினதைப் பொறுக்கி வீசறோம். உங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு எங்க கட்டம் இருக்கு?"

இல்லைங்க. நான்தான் போடலை.

அதே பாலக்கோட்டுல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. அங்க டன் கணக்கை மட்டும் யாரும் பேச மாட்டாங்க, சர்க்கரை கட்டுமானம் எத்தனை சதவீதம்னுதான் பேச்சே. பக்கத்துலயே பாடம் இருந்தும் எனக்கு உறைக்கலை. வேடிக்கை என்னன்னா, 1972ல ஆரம்பிச்ச சாப் கம்பெனிக்கு முதல் வாடிக்கையாளரே ஜெர்மனில இருந்த ஐசிஐ நைலான் ஆலை. ஆனா அங்க முதல்ல எழுதினது சம்பளமும் கணக்கு வழக்கும்தானாம்!

விடிய விடிய அந்த நோட்டைப் படிச்சேன். லோடு வாரியா உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, அழுகல், மழை பெஞ்ச நாள்... எல்லாம் பென்சில்ல. ஒரு லோடுக்கு அஞ்சு சதவீதம் போயிருக்கு, இன்னொண்ணுக்கு ஒன்பது. ஷெட்டுக்குத் தனி எடை, அழுகலுக்குத் தனி கட்டம், கூழுக்கு பேட்ச் வாரியா பிரிக்ஸ்னு மாத்திப் போட்டேன். சிவப்பு போயிடுச்சு.

மேனேஜர் அவர்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கலை. நான் கேட்டேன். "பரவால்ல தம்பி, டீ சாப்பிடலாம் வா"ன்னார்.

அடுத்த சீசனுக்கு நான் போனப்ப அவர் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் வேற ஆலைக்குப் போயிட்டாராம். நோட்டையும் எடுத்துட்டுப் போயிட்டார்.