நாம் ஹல்க் ஆன கதை

வீடியோ விளையாட்டு என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தந்தையர் கூட்டத்தைச் சேர்ந்தவர் நாம். குழந்தைகளின் கண்ணையும் படிப்பையும் ஒருங்கே கெடுக்க வந்தது அது என்பது நம் நெடுநாளைய முடிவு. அம்முடிவைச் சென்ற மாதம் சற்றே தளர்த்திக்கொள்ள நேர்ந்தது. நேர்ந்த விதத்தை, நம்மைப் போலவே சொந்த ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்குச் சொல்லுதல் நன்று எனக் கருதுகிறோம்.

வெளிநாட்டுக்கு வேலை மாற்றலாகிச் சென்ற நம் மைத்துனர், தம் ப்ளேஸ்டேஷன் 4 பெட்டியையும் இரண்டு கண்ட்ரோலர்களையும் நம் இல்லத்தில் விட்டுச் சென்றார். உடன் இருந்தது ‘லெகோ மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ என்னும் விளையாட்டு. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. லெகோ என்பது டென்மார்க் நாட்டில் பிறந்த விளையாட்டுக் கட்டை. ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்கள் இவ்விளையாட்டில் அக்கட்டைப் பொம்மைகளாக வருகின்றனர்.

பத்து வயது நிரம்பிய நம் மகன், “அப்பா, இது ரெண்டு பேர் ஆடறது. அம்மா சமையல்ல இருக்காங்க” என்று சொல்லித் தயங்கி நின்றான். அதில் மறைந்திருந்த அழைப்பு நமக்கு விளங்காமல் இல்லை. அந்த வாரந்தான் கணக்குத் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்து நம்மிடம் கடுஞ்சொல் கேட்டிருந்தான். “ஒரு தரம் சொன்னால் ஏறாத மண்டை” என்று சினத்தில் சொல்லிவிட்டோம். அதன்பின் மூன்று நாட்களாகத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேச்சு அருகியிருந்தது. ஆகவே மறுக்க மனம் வரவில்லை, அமர்ந்தோம்.

கதை தொடங்கும் இடமே நம்மை ஈர்த்துவிட்டது. ஏனெனில் அது ஒரு ரயில் நிலையம்! நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல். 1913-இல் திறக்கப்பட்டு, 44 பிளாட்பாரங்களைக் கொண்டு விளங்கும் பெரு நிலையம். ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு வேறென்ன வேண்டும்? அந்நிலையத்தை ஸாண்ட்மேன் என்னும் மணல் மனிதன் வளைத்துக்கொள்கிறான். மீட்கச் செல்வோர் இருவர்: பறக்கும் இரும்புக் கவசம் பூண்ட ஐயன் மேன்; மலை போன்ற பச்சை உடம்புக்காரன் ஹல்க். மகன் ஐயன் மேனை எடுத்துக்கொண்டான். நாம் ஹல்க் ஆனோம்.

பெரும் பாரங்களைத் தூக்க ஹல்க்கால்தான் முடியும். வெள்ளி நிறப் பொருள்களைத் தகர்க்க ஐயன் மேனின் ஏவுகணை வேண்டும். கணினிப் பலகை எதிர்ப்பட்டால் ஹல்க்கின் பலம் பயன்படாது. அவன் சுருங்கி, புரூஸ் பானர் என்னும் விஞ்ஞானியாக மாறி அதை இயக்க வேண்டும். ஒருவர் திறமையால் கடக்க இயலாத தடையை மற்றவர் திறமை கடக்கிறது. வழி தோன்றாமல் நின்றபோதெல்லாம் இருவரும் கலந்து பேசியே முன்னேறினோம்.

ஆனால் நம் விரல்கள் நமக்கு அடங்கவில்லை. குத்த வேண்டிய நேரத்தில் குதித்தோம்; குதிக்க வேண்டிய இடத்தில் விழுந்தோம். “சதுரம் அப்பா, வட்டம் இல்லை” என்று மகன் எத்தனை முறை சொன்னான் என்பதற்குக் கணக்கில்லை. அடிபட்டால் இங்கே குருதி இல்லை. பொம்மை துண்டு துண்டாகச் சிதறி, உடனே முழு உருவாக எழுகிறது. இழப்பெல்லாம் சேர்த்து வைத்த ‘ஸ்டட்’ வில்லைகளில் சிலவே. வெள்ளி வில்லைக்கு 10, பொன்னுக்கு 100, நீலத்துக்கு 1,000, ஊதாவுக்கு 10,000 என மதிப்பு.

ஒரே இடத்தில் நாம் ஐந்தாம் முறை சிதறியபோது வெட்கத்துடன் கண்ட்ரோலரைக் கீழே வைத்தோம். மகன் அதை எடுத்து நம் கையில் கொடுத்து, “பரவாயில்லைப்பா, எனக்கும் முதல்ல வரலை. இன்னொரு தரம் சொல்லித் தரேன்” என்றான். அவன் குரலில் ஏளனம் இல்லை, அலுப்பும் இல்லை. மூன்று நாட்களுக்கு முன் நாம் சொன்ன சொல் அக்கணம் நம் நெஞ்சில் வந்து தைத்தது. ஒரு தரம் சொன்னால் ஏறாத மண்டை யாருடையது?

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பாத்திரங்கள் ஆங்கிலத்தில் விரைந்து பேசுவது நமக்கு முழுதும் பிடிபடவில்லை. தெருவிலும் பள்ளியிலும் இந்தியே பேசிப் பழகிய பிள்ளை, அவற்றை நமக்காகத் தமிழில் விளக்கிக்கொண்டே வந்தான். அவன் அவ்வளவு தமிழ் ஒருசேரப் பேசக் கேட்டு நாளாயிற்று.

குறைகளும் உண்டு. ஆடுவோர் விலகிச் சென்றால் திரை இரண்டாகப் பிளக்கிறது. பழகாத கண்ணுக்குத் தலை சுற்றும். அடுத்து எங்கே செல்வது என்பது சில இடங்களில் எளிதில் விளங்குவதில்லை. வில்லை சேர்க்கும் ஆசை நேரத்தை விழுங்கும். அமெரிக்காவில் இது பத்து வயதினர்க்கும் மூத்தோர்க்கும் உரியதென வகைப்படுத்தப்பட்டிருப்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்க. இதில் இணையத்தின் வழியே அயலாருடன் கூடி ஆட இடமில்லை, ஒரே அறையில் அமர்ந்துதான் இருவர் ஆடலாம் என்பது ஆறுதல்.

நாம் முடித்தவை மூன்று கட்டங்களே. ஆதலின் முழுத் தீர்ப்புக் கூற முற்படவில்லை. வாரத்திற்கு ஒருநாள், ஒரு மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டுள்ளோம். அன்பர்களுக்குக் கூறுவது இதுவே: இத்தகைய விளையாட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர், இரண்டாவது கண்ட்ரோலரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாலை கணக்கு நோட்டுடன் மகனை அருகில் அழைத்தோம். பின்னங்களைக் கூட்டும் முறையை அன்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரமும் நம் குரல் உயரவில்லை.